பதினைந்து மீட்டர்

காலை ஒன்பதே முக்காலுக்குப் பட்டியல் வந்தது,
நூற்றிப் பதினெட்டு எண்கள்.
வண்ணார்பேட்டை பைபாஸ் ஓரம்
ஏசி ஓடும் கண்ணாடிக் கட்டடத்தில்
முதல் மேஜை என்னுடையது.

சொல்ல வேண்டியதை எழுதியே தந்திருக்கிறார்கள்.
குறைபாடு என்ற சொல் வரக் கூடாது.
தீ, கூடவே கூடாது.
முன்னெச்சரிக்கை மூன்று தடவை வரலாம்.

வணக்கம் சார், உங்கள் காரைத் திரும்ப அழைக்கிறோம்
என்று தொடங்கினேன்.
அழைப்பா, யாருக்கும்மா கல்யாணம் என்றார்
வள்ளியூர் ஞானதிரவியம்.
காது கொஞ்சம் மந்தம்.
புரிந்ததும் அவர் முறை:

"போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு
நீங்களா என்னமோ ஏத்துனிய.
விடிஞ்சு பாத்தா வண்டிக்குப் புதுப் புத்தி.
நாப்பத்தொண்ணு சதவீதம்னு காட்டிச்சு,
பணகுடி தாண்டல, படுத்துட்டு.
சுத்தி அம்புட்டுக் காத்தாடி,
அம்புட்டும் கரண்டு எடுக்கு.
நடுவுல நான் நிக்கேன்
கையில ஒரு வயரோட."

மன்னிப்பு கேட்டேன். அதுவும் எழுதித் தந்ததுதான்.
அந்தப் புத்தியைத் திருத்த
இன்னொரு புத்தி வருகிறது சார்,
அதுவரை எண்பதுக்கு மேல் சார்ஜ் வேண்டாம்.
இரவில் வீட்டிலிருந்து
பதினைந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

மேலப்பாளையத்தில் செய்யது மசூது சிரித்தார்.
திட்டியிருந்தால் தேவலை.
"எங்க தெருவுல பதினஞ்சு மீட்டருக்குள்ள
நாலு வீடு இருக்கு தங்கச்சி.
எந்த வீட்டு வாசல்ல விடணும்னு
கம்பெனிக்காரங்களயே சொல்லச் சொல்லு."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.
'வாடிக்கையாளர் தகவலைப் பெற்றுக்கொண்டார்'
கட்டத்தில் டிக் அடித்தேன்.

களக்காட்டில் ஒரு பெண். கணவர் மஸ்கட்டில்.
வண்டியை யாரும் எடுப்பதில்லையாம்,
வீடியோ காலில் அவர் பார்க்கக் கேட்கும்போது
துடைத்துக் காட்டுவாராம்.
"ஆனா சார்ஜ் கொறைய விடமாட்டேன்.
எப்பவும் நூறு."

நூறு என்று காதில் விழுந்ததும்
பேனாவை வைத்துவிட்டேன்.
வயரைப் பிடுங்குங்க அக்கா,
இப்பவே, போனை வைக்காம.
இது தாளில் இல்லை.
ரப்பர் செருப்புச் சத்தம், கம்பிக் கதவு, ஒரு கோழி,
நீளமாக ஒன்றுமில்லாத கொஞ்ச நேரம்.
"பிடுங்கிட்டேன்."

மத்தியானம் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் இல்லை.
சொதி ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டேன்.

நாலரைக்கு டெலிவரி.
கருநீல வண்டி, மூக்கில் சிவப்பு ரிப்பன்,
டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம்.
பாளையங்கோட்டை சங்கரவடிவு டீச்சர்
பத்துப் பேரோடு வந்திருந்தார்,
அதில் ஒன்று கைக்குழந்தை.

சேஸிஸ் எண்ணை ரசீதில் எழுதுவது என் வேலை.
கடைசி மூன்று இலக்கம் 633.
என் பட்டியல் 631இல் முடிகிறது.

மேலாளரிடம் காட்டினேன்.
"முடியுதுல்லா, பெறகென்ன" என்றார்.
கெட்டவர் இல்லை. மாதக் கடைசி.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வண்டி.
எங்கேயோ ஒரு தொழிற்சாலையில்
ஒருவர் டீ குடிக்கப் போய்
இன்னொருவர் வந்து நின்றிருப்பாரோ,
அங்கேதான் கோடு கிழித்தார்களோ.

எலுமிச்சை நசுங்கியது. கைதட்டினார்கள்.
என் கையும் தட்டியது.

சாவி மாறும்போது கேட்டேன்,
வீட்டுல வண்டிய எங்க விடுவிய டீச்சர்?
"போர்ட்டிகோலதான். அதுக்கு மேல
பிள்ளைய படுக்கற ரூம்."
போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொன்னார்.
சிரித்தோம்.

ரசீதின் ஓரத்தில் என் சொந்த எண்ணை எழுதினேன்.
ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க,
வண்டிய உள்ள விடுததுக்கு முன்னால.
எதுக்கும்மா என்றார்.
மேலாளர் கிட்டே நின்றுகொண்டிருந்தார்.
சும்மாதான் டீச்சர், மறக்காம கூப்பிடுங்க.

கார் பைபாஸில் ஏறியது.
சத்தமே இல்லை, அந்த வண்டிகளுக்கு.

நூற்றிப் பதினெட்டில்
பதினொரு பேர் இன்னும் எடுக்கவில்லை.