தாமதத்துக்கான காரணம்

ஏழாவது வளைவில் நிற்கிறேன்.
கையில் மஞ்சள் கொடி, காதில் பஞ்சு,
முதுகுக்குப் பின்னால் பைன் காடு,
அதற்கும் பின்னால் பால்டிக் கடல்.
ஆண்டுக்கு இரண்டு நாள்
தாலின் நகர ஓரத்துக் காட்டுச் சாலையைப்
பழைய வண்டிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள்.
மற்ற நாட்களில் இதே வளைவில்
நான் ஓட்டுவது மின்சாரப் பேருந்து.
சத்தமில்லை. வாசமில்லை.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
நாற்பதைத் தாண்டினால் மட்டும் பயணிகள் முணுமுணுப்பார்கள்.

முதலில் வருவது ஹெய்னோவின் ரேஸ் கார்.
எண் பதினான்கு. வர்ணம் பூசாத அலுமினியம்.
பால் கேன்களைத் தட்டி விரித்த உடம்பு என்பார்,
அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.
சக்கரங்கள் நான்கும் வெளியே, முழங்கைகள் இரண்டும் வெளியே,
பல் மருத்துவர் ஒருவர் குளியல் தொட்டியில் உட்கார்ந்து
மேடு இறங்குகிறார்.
வளைவில் பின்பக்கம் வழுக்கும்.
போகவேண்டிய திசைக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்புவார்.
அந்த நொடியில்
காரும் மனிதரும் சாலையும்
ஆளுக்கொன்று நினைத்து
ஒரே முடிவுக்கு வருவார்கள்.
அதைப் பார்க்கத்தான் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

பிறகு பைக்குகள்.
டூ ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதெல்லாம்
சும்மா சொல்வது.
போன பிறகுதான் வாசம் வரும்,
சண்டை போட்டு வெளியேறியவர்
வாசலில் விட்டுப்போன கடைசிச் சொல் மாதிரி.
பெட்ரோலில் விளக்கெண்ணெய்.
அதைவிடச் சுத்தமான எண்ணெய்கள் கடையில் இருக்கின்றன.
லீலோ வாங்கமாட்டாள்.

மூன்று பைக்குகள் செத்துப் பிழைத்த ஒன்று, அவளுடையது.
சட்டம் ஒரு ஜாவா. எஞ்சின் ஒரு இஷ்.
முன் ஃபோர்க் எங்கிருந்து என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.
புகைக்குழாயைத் தானே வெல்டு வைத்தாள்,
இருபத்தொரு தகட்டு வளையங்கள்,
நடுவில் வீங்கி வாலில் சிறுத்த சினைமீன்.
ஆறாயிரம் சுற்று வரை அது தையல் மெஷின்.
ஆறாயிரத்து ஒன்றில்
யாரோ கதவை உதைத்துத் திறக்கிறார்கள்.

இறக்கத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்:
பெட்ரோலோடுதான் எண்ணெயும் போகிறது.
ஆக்ஸிலேட்டரை மூடினால் பிஸ்டன் பட்டினி.
இந்த வண்டிக்கு ஆபத்து, வேகத்தைக் குறைப்பதில்.
லீலோவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.
ஆனால் சாலைக்கு நடுவில் ஒரு முயல்.

மூடினாள்.

கீச்சென்றது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு
கறுப்பாக ஒரு கோடு இழுத்தது.
இடது கை கிளட்சைப் பிடித்துவிட்டது.
யோசித்திருந்தால் விழுந்திருப்பாள்.
சத்தமே இல்லாமல் உருண்டு வந்து
என் காலடியில் நின்றாள்.

நான் கொடியை ஆட்டியிருக்க வேண்டும்.
பின்னால் பதினொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.
ஆனால் அப்போதுதான் வந்து சேர்ந்தது அவள் புகை,
நீலமாக, இடுப்பளவு,
பைன் மரங்களுக்கிடையே வெயில் அதைக்
கீற்றுக் கீற்றாக அறுத்துக்கொண்டிருந்தது.
முயல் வேறு போகாமல் நின்று பார்த்தது.
மூன்று நொடி. நான்காகவும் இருக்கலாம்.
"கொடி!" என்று கத்தியது லீலோதான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
சிலிண்டரைத் தொடாதே என்றாள்.
தொட்டேன். ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

மாலையில் ரைவோ படிவத்தை நீட்டினார்.
வளைவு: ஏழு. கொடி தாமதம்: ஆம்.
காரணம் என்ற இடத்தில் நீளமான கோடு.
முயல் என்று எழுதினேன். அடித்தேன்.
புகை என்று எழுதினேன்.
"பார்வையை மறைத்ததா?"
"இல்லை."
அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை, ஐந்து நாற்பது வண்டி.
ஏழாவது வளைவில் லீலோவின் கோடு
அப்படியே கிடந்தது.
அதன்மேல் சக்கரத்தை வைத்து இறங்கினேன்,
நாற்பத்திரண்டில்.
பின்னிருக்கையில் யாரோ முணுமுணுத்தார்கள்.