விழுவதற்கு முன்

வயிரவன் அனுப்பிய வீடியோவில்
வினிபெக் இன்னும் விடியவில்லை.
வண்டியின் மூக்கில் மஞ்சள் தகடு மாட்டி
வாசலை வழித்துக்கொண்டு போகிறான் என் தம்பி.
விளக்குக் கம்பத்தடியில் குவிகிறது
யாரும் விதைக்காத, எவரும் விலை கேட்காத
வெள்ளை.

நான் கேட்டது ஒன்றுதான்:
தகட்டுக்கு என்ன கோணம்?

இங்கே புதுவயலில்
வீட்டோடு ஒட்டிய என் நெற்களம்
நூற்றிருபதடிக்கு எண்பது.
பலகை இழுக்க வந்த நால்வரில்
இரண்டு பேர் திருப்பூருக்குப் போனார்கள்,
ஒருத்திக்கு முட்டி தேய்ந்துவிட்டது.
மிச்சம் ராக்கு.
கயிற்றைத் தோளில் போடும்போது
அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மின்வாரியம் ஏலம் விட்ட ஜீப் ஒன்று எடுத்தேன்.
கதவில் இன்னும் 'அபாயம்' என்று இருக்கிறது,
கீழே மண்டையோடு.
சேசுராசு பழைய அவியல் தொட்டியை
நீளவாக்கில் அறுத்தான்.
"நேர்த் தகடுன்னா நெல்லு ஏறி உக்காந்துக்கும் ஆச்சி,
வளைஞ்சிருந்தாத்தான்
தன்னைத் தானே உருட்டிக்கிட்டுப் போகும்."
தூக்கி இறக்க டிரெய்லர் ஜாக்கி.
தரையில் மேடு தட்டினால் தகடு மடங்கிக்கொள்ள
டி.வி.எஸ். ஃபிப்டியின் ஷாக் அப்சார்பர் இரண்டு.

தம்பி முப்பது என்றான்.
முப்பதில் வெல்டு வைத்தோம்.
மறுநாள் சொல்கிறான், அது குளிராம்,
மைனஸ் விட்டுப்போய்க் காதில் விழுந்திருக்கிறது.
கோணம் இருபத்தைந்து.
சேசுராசு ஒன்றும் சொல்லவில்லை,
கிரைண்டரை எடுத்தான்.

முதல் ஓட்டத்தில்
முன்ஸ்பிரிங் உட்கார்ந்தது,
பின்சக்கரம் சும்மா சுற்றியது.
பின்னால் பாரம் போடு என்றான் அங்கிருந்து.
மணல் மூட்டை ஆறு.
தகட்டுக்கு இரும்புச் செருப்பு மாட்டு,
தரை கீறாது,
கால் அங்குலம் மிச்சம் விடும், பரவாயில்லை என்றான்.
கால் அங்குலம்!
அந்தக் களத்துக்கு அது
நாற்பது மூட்டைக்குக் குறையாதுடா தம்பி.

செருப்பைக் கழற்றி எறிந்தோம்.
மில்லில் கழித்துப் போட்ட பெல்ட்டை வெட்டி
தகட்டின் உதட்டில் போல்ட் போட்டு இறுக்கினோம்.
இப்போது தரையைத் துடைத்தது,
ஒரு மணி மிச்சமில்லாமல்.
ராக்கு தூணோரம் நின்று பார்த்தாள்.
கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.
கூலியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தை இருபத்திரண்டு, பிற்பகல் மூன்று.
மீமிசல் பக்கம் இருட்டியது.
காலத்தில் வராத மழை
கேட்டுக்கொண்டா வரும்?
களம் முழுக்க நெல்.
அவனுக்கு விழுந்த பிறகு வேலை,
எனக்கு விழுவதற்கு முன்.

ஜீப்பை முடுக்கினேன்.
நாலு ஓட்டம் நன்றாகத்தான் போனது.
ஐந்தாவதில் காற்றோடு முதல் தூறல்,
வழவழத்த தரையில் பின்சக்கரம் வழுக்குகிறது,
ஒரு மணல் மூட்டை கிழிந்து ஒழுகுகிறது.
தொம் என்று பின்னால் சத்தம்.
ராக்கு ஏறி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறாள்,
முந்தானையை இடுப்பில் செருகி.
"ஓட்டுங்க.
இழுத்தாலும் உக்காந்தாலும் ஒரே கூலி."

சரி என்று கத்தினேன்.
கேட்டதா தெரியாது.
வண்டி தரையைப் பிடித்தது.

குவியல்மேல் நீலத் தார்ப்பாய் விழுந்ததும்
வானம் கொட்டியது.
நனைந்த தகட்டில் மழை
தகரக் கொட்டகைபோல அடித்தது.

ஒரு மூலை மட்டும் மிச்சம்.
வடக்குச் சுவரோரம் நான்கடி,
ஜீப் திரும்பாத இடம்.
அவித்த நெல் முளைக்காது,
நாறும்.
ஈரக் கையோடு தம்பிக்குச் செய்தி போட்டேன்:
மூலையில் நீ என்ன செய்வாய்?

அங்கே விடியாத நேரம். விழித்திருந்தான்.
"விட்டுடுவேன் அக்கா.
ஏப்ரல்ல தானாப் போயிடும்."

போனை உள்ளே வைத்துவிட்டு
முறம் இரண்டு எடுத்துக்கொண்டு போனேன்.
ராக்கு ஏற்கெனவே குந்தியிருந்தாள்,
கையால் அள்ளிக்கொண்டு.