கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
குறைந்தது பதினேழு நிமிடம்.
எண்ணெய் டேங்கர்கள் நாற்பது போகும்.
பிறகு, எதற்கென்று யாருக்கும் தெரியாமல்,
ஒற்றை இன்ஜின் மட்டும் திரும்பி வரும்.
ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.
ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு
போனில் நேற்றைய பாடத்தைத் திறக்கிறேன்.

பட்டியலில் முதல் ஆளின் எண்
ஒன்று இல்லை, பூஜ்ஜியம் என்று ஒப்புக்கொள்ள
நாற்பத்தாறு வயதில் எனக்கு நாலு நாள் ஆனது.
மணலி எடைமேடையில் இருபத்திரண்டு வருடம்
ஒன்றிலிருந்துதானே எண்ணினேன்,
முதல் லாரி, முதல் டோக்கன், முதல் டீ என்று.
அப்புறம் ஒரு நைட் ஷிப்டில்
வண்டி ஏறாத வெறும் மேடையைப் பார்த்தேன்.
சிவப்பு எழுத்தில் பூஜ்ஜியம்.
அது சரியாக நின்றால்தான்
அடுத்து ஏறுகிற எதுவும் சரியாக நிற்கும்.
எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்!
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
"இன்னா மேடம், தனியா சிரிக்கிறே?" என்றார்
ஷிப்ட் மாற வந்த துரைக்கண்ணு.
சொன்னேன்.
அடுத்த திங்கள் அவரும் வகுப்பில் இருந்தார்.

வகுப்பு என்றால்
தண்டையார்பேட்டையில் பாத்திரக் கடைக்கு மேல் மாடி.
ஆறு கம்ப்யூட்டர், பதினோரு பேர்.
கீழே குக்கருக்கு கேஸ்கெட் மாட்டும் சத்தம்.
ஷாகிதா பானுவுக்குத் தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை,
மகப்பேறு முடிந்து மூன்றாம் மாதம்,
பாட்டில் பாலோடு நேரத்தையும் கணக்குப் பண்ணி வருவாள்.
ஐஸ் பேக்டரி லாசர் ஒற்றை விரலால் அடிப்பார்,
ஆனால் தப்பில்லாமல் அடிப்பார்.
சொல்லித்தருகிற ஜெபக்கனிக்கு வியாழக்கிழமை லீவு.
அன்றைக்கு அவள் வேறெங்கோ மாணவி.
"போன வருஷம் படிச்சது இந்த வருஷம் ஆகாது அக்கா" என்றாள்.
எனக்கு அது புதிதில்லை.
கடல் காற்று அடிக்கிற தெருவில் வளர்ந்தவள் நான்.
ஜன்னல் கம்பிக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தோம்,
வேலை முடிந்தது என்று
எங்கள் காசிமேட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர்
சுவரில் ஒரு படம் காட்டினார்.
நீலத் தூண் உயரம், பச்சைத் தூண் குட்டை.
நடுவில் இருக்கிற இடைவெளிதான் பிரச்சினை என்றார்,
தகுதியான ஆள் இந்தப் பக்கம் கிடைப்பதே இல்லையாம்.
பெங்களூரிலிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.
நாற்காலி பத்தவில்லை.
டன் கணக்கு ரெஜிஸ்டரை மார்பில் அணைத்துக்கொண்டு
கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவில்
நான் நின்றிருந்தேன்.
அந்த இடைவெளி மூன்றடி இருக்கும்.

முப்பத்தொரு வரி எழுதினேன்.
ஒன்பது ராத்திரி.
காலி லாரியின் எடை எல்லா நாளும்
ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையா?
ஒரு லாரி செவ்வாய் தோறும் மட்டும்
முந்நூறு கிலோ இளைத்திருந்தது.
அச்செடுத்து மேஜையில் வைத்தேன்.
மேனேஜர் இரண்டு முறை படித்தார்.
"யார் எழுதினது?"
"நான்தான் சார், பிலோமினா."
அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.
பின்னால் யாரும் இல்லை, தண்ணீர் கேன்தான்.

சம்பளம் ஏறவில்லை. இன்னும் இல்லை.
லாரிக்காரன் மட்டும்
இப்போது என்னை முறைத்துவிட்டுப் போகிறான்.
அதுவும் ஒருவகைச் சான்றிதழ் என்கிறார் துரைக்கண்ணு.

மணி அடிக்கிறது. கம்பி எழும்புகிறது.
இந்தப் பக்கத்து வண்டிகளும் அந்தப் பக்கத்து வண்டிகளும்
தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும்,
வழக்கம்போல.
பத்தொன்பதாம் வரியில் எங்கேயோ
ஒரு புள்ளி விட்டிருக்கிறேன்.
இருங்கப்பா, போகிறேன்.
கண்டுபிடித்துவிட்டுப் போகிறேன்.