நாலாவது சீட்

மூன்று பேருக்கான பலகையில்
நாலாவதாய் ஒருத்தி
பாதி உட்கார்ந்து, பாதி அந்தரத்தில் போவது
இந்த ஊரின் எழுதாத சட்டம்.
'தோடா சர்க்கோ' என்றால் போதும்,
மூன்று இடுப்புகள் முணுமுணுத்து நகரும்.

எனக்கு அந்தச் சட்டம் செல்லாது.
பதினெட்டு வருடம்
சயானிலிருந்து மஸ்ஜித் வரை நின்றே போகிறேன்.
நான் கேட்டதில்லை.
கேட்குமுன்பே மடியிலிருந்த பை
பலகைக்கு இறங்கிவிடும்.
ஒருநாள் ஒரு காலேஜ் பெண் கேட்டாள்,
'ஆன்ட்டி, உங்களுக்கு ரெண்டு டிக்கெட்டா?'
பெட்டியே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
சிரிக்காவிட்டால்
இன்னும் பருமனாய்த் தெரிவேன் என்று.

'நடக்கணும் ஜெபக்கனி' என்கிறார் பாஸ்டர்.
எங்கே, அய்யா?
எங்கள் சந்தில் ஓர் ஆள் வந்தால்
எதிராளி சுவராக வேண்டும்.
மைதானத்துக்குப் போனால்
பையன்கள் மட்டையைச் சாய்த்துவிட்டு
கமென்டரி சொல்கிறார்கள்.
பழம் சாப்பிடச் சொன்னவள்
ஓர் ஆப்பிளின் விலைக்கு எத்தனை வடாபாவ் என்று
எண்ணிப் பார்த்தவளில்லை.
தண்ணீர் குடிக்கச் சொன்னவளுக்கு
எங்கள் கக்கூஸ் வரிசையின் நீளம் தெரியாது.
கல்யாணப் பந்தியில் 'போதும்' என்றால்
'என்ன கோவம்?'
இன்னொரு கரண்டி வாங்கினால்
பக்கத்து இலைகள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்.

காது வலி என்று போனேன் ஒருமுறை.
காதைப் பார்க்காமலே எழுதினார்கள்:
எடையைக் குறை.

போன மழைக்காலம் மூச்சுக்காகப் போனேன்.
பெரிய ஆஸ்பத்திரித் தராசு
நூற்றிருபதில் முடிந்துவிட்டது.
முள் கடைசிக் கோட்டில் முட்டி நடுங்கியது,
எனக்காக அது வெட்கப்பட்டதுபோல.
வார்டுபாய் வாசலைக் காட்டினான்:
'பழைய இரும்புக் கடையில நிறுத்து
எழுதி வாங்கிட்டு வா.'
கேலி இல்லை.
அதுதான் அங்கே நடைமுறை.

போனேன்.
பாதியில் திரும்பினேன்.
மறுநாள் மறுபடி போனேன்.

இத்ரிஸ் பாய் கடையில்
செப்புக்கம்பி, செத்த பேட்டரி, நசுங்கிய டின்கள்.
எனக்கு முன்னால் ஒரு ஃபிரிட்ஜ்
கதவில்லாமல் எடைபார்த்து இறங்கியது.
பாய் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார்.
மூன்று பையன்களையும் டீ வாங்க அனுப்பினார்,
மூன்று பேரையும்.
தட்டைத் துடைத்தார்.
புதுச் சாக்கு ஒன்றை விரித்தார்.
எண் காட்டும் பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.
'ஏறுங்க, பஹன்.'

நூற்று முப்பத்தொன்று புள்ளி நாலு.
கடை ரசீதில்தான் எழுதினார்.
'பொருள்' என்ற அச்சை அடித்துவிட்டு
'பெயர்' என்றார், என் பெயரைக் கேட்டார்.
விலைக்கான கட்டத்தில்
ஒரு கோடு.

டாக்டர் வைதேகி கோர்படே அந்த ரசீதைக் கையில் வைத்தபடி
யாரிடமோ போனில் தராசு கேட்டுச் சண்டை போட்டாள்.
பிறகு என்னிடம்,
'எப்படித் தூங்குறீங்க?'
எத்தனையோ ஓ.பி. சீட்டுகளில்
யாரும் கேட்காத கேள்வி.
உட்கார்ந்தபடி தூங்குகிறேன், டாக்டர்,
படுத்தால் கழுத்தை யாரோ பிடிக்கிறார்கள்.
'இது நோய்' என்றாள், 'திமிர் இல்லை.
நிதானமா வைத்தியம் பண்ணுவோம்.'
வீடு வந்து சேரும்வரை
அந்த இரண்டாவது சொல்லையே
சொல்லிக்கொண்டு வந்தேன்.

'வாயைக் கட்டினா போதாதா, இதுக்குமா காசு?'
என்றார் வீட்டுக்காரர்.
அவருடைய பிரஷர் மாத்திரை டப்பாவில்
என்னுடையதையும் போட்டு வைத்தேன்.
அவர் வாயைக் கட்டச் சொல்லி
யாரும் இதுவரை சொன்னதில்லை.

ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது.
யாருக்கும் தெரியவில்லை,
என் தூக்கத்துக்கும் செருப்பு வாருக்கும் தவிர.
ஆஸ்பத்திரிக்குத் தராசு இன்னும் வரவில்லை.
மாதம் ஒருமுறை இத்ரிஸ் பாய்தான்,
அதே சாக்கு.

செவ்வாய்க்கிழமை, எட்டு பன்னிரண்டு லோக்கல்.
மூன்று பேர் உட்கார்ந்திருந்த பலகைக்கு எதிரே நின்று
சொன்னேன்:
தோடா சர்க்கோ.
ஜன்னலோரக்காரி உச்சுக்கொட்டினாள்.
நடுவில் இருந்தவள் தூங்குவதாக நடித்தாள்.
ஓரத்தில் இருந்தவள்
என்ன நினைத்தாளோ,
பையை எடுத்து மடியில் வைத்தாள்.

தாதர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பாதி பலகையில்,
பாதி அந்தரத்தில்,
எல்லோரையும் போல.