நாற்பது பாட்டு, ஐந்து வெள்ளி

அட்டையில் நான்தான் எழுதினேன், சிவப்பு மார்க்கரில்.
புக்கிட் ரோத்தான் அஞ்சடியில் என் கடை:
கைப்பேசி உறை, டாப்-அப், சார்ஜர்,
பின்னால்
விடிய விடியப் பாட்டு இறக்கும் ஒரு கணினி.
மழை பிடித்தால் லைன் அறுந்து
தொண்ணூற்றேழு விழுக்காட்டில் நின்றுபோகும்
ஏதோ ஒரு காதல்.

யாரும் இதைத் திருட்டு என்று சொன்னதில்லை.
செம்பனைக் குலை ஏற்றும் அஞ்சப்பன் கேட்டார்,
"காத்துல வர்றதுக்கு எவன் மீட்டர் வெச்சான்?"
அமுதவல்லி டீச்சர் வகுப்பில் சொல்வார்,
பிறர் பொருள் நெருப்பு என்று.
பென்டிரைவை நீட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி,
"சாமி பாட்டுதானே தம்பி,
முருகன் கேஸ் போடவா போறாரு?"

தெய்வீகனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
கூட்டுப் பணம் எடுத்து
மனைவியின் சங்கிலியும் சேர்த்து
எட்டாயிரம் வெள்ளியில் ஆல்பம் போட்டவன்.
ஐந்நூறு சிடி.
ஆடித் திருவிழாவில், கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் மேசை.
விற்றது அறுபத்திரண்டு.
அதில் ஒன்று நான் வாங்கியது.
அன்றிரவே கணினியில் ஏற்றியது.

அடுத்த மாதம் ஊரே அவன் பாட்டு.
லோரியில், மோட்டாரில், கல்யாண மண்டபத்தில்;
காப்பிக்கடை ஆ மெங் கூட விசிலடித்தார்.
"மச்சான், உன் பாட்டு சூப்பர்டா!"
முதுகில் தட்டிய கையெல்லாம்
என்னிடம் மீதிச் சில்லறை வாங்கிய கை.
அவன் சிரித்தான்.
விற்காத சிடிகளைக் கயிற்றில் கோத்து
மிளகாய்ச் செடிக்கு மேல் கட்டியிருந்தான்.
குருவிகள் கிட்ட வருவதில்லை.

நேற்று கடை சாத்தும் நேரத்துக்கு வந்தான்.
"என் மூணாவது பாட்டு இருக்காண்ணே?
மக ஸ்கூல்ல ஆடணுமாம்.
வீட்டுல தொங்கறதெல்லாம் வெயில்ல கெட்டுப்போச்சு."

தேட வேண்டியிருக்கவில்லை.
ஏற்றிக் கொடுத்தேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.
ஐந்து வெள்ளி நோட்டை வைத்தான்.
நான் அவன் பக்கம் தள்ளினேன்.
அவன் என் பக்கம்.

"போர்டுல போட்டிருக்கே, நாப்பதுன்னு.
இன்னும் முப்பத்தொம்போது ஏத்துங்கண்ணே."

யாருடைய பாட்டு வேண்டும் என்றேன்.

"யாருதா இருந்தா என்ன?"

பச்சைக் கோடு மெல்ல நிறைந்தது.
வெளியே மழை ஆரம்பித்துவிட்டது.
லைன் அறுந்துவிடுமோ என்று
இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.