காற்று நீக்குதல்

இருபத்திரண்டாம் கொண்டை ஊசி வளைவில்
பெடல் இருந்தது, பிரேக் இல்லை.
பழைய மெத்தையை மிதித்த மாதிரி
அமுங்கி அமுங்கி உள்ளே போயிற்று என் கால்.
வெர்ஷிச் கணவாயின் கல் பாவிய இறக்கம்,
கீழிருந்து மூச்சிரைக்க ஏறிவரும் ஒரு சைக்கிள்,
இரண்டாம் கியர், முதல் கியர், கைப்பிரேக்,
அம்மா கேட்டிராத ஒரு வசவு.
நின்றது.
சைக்கிள்காரர் கடந்துபோகையில்
"அழகான வண்டி" என்றார்.

அழகுதான்.
எழுபத்திரண்டில் பிறந்த எம்ஜி மிட்ஜெட்,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
ஓடு என்றால் ஓடும்.
நில் என்றால்
யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்கும்.

கிரான்ஸ்கா கோராவில் ஆளுக்கொரு வைத்தியம்.
பெரிய டிஸ்க் மாட்டு என்றான் பேக்கரிக்காரன்.
சர்வோ பொருத்து என்றார் பாதிரியார்.
பந்தயக்காரர்கள் போடும் பேட் வாங்கு என்றாள் யெர்னேயா;
அது சூடேறினால்தான் கடிக்கும்,
சூடேறுமுன் என் கடை வந்துவிடும்.
நான் மருந்துக்கடையில் நிற்பவள்.
கேட்ட மாத்திரையை எடுத்து நீட்டுவதில்லை,
எத்தனை நாளாக என்று முதலில் கேட்பேன்.

ஜாக்கியில் ஏற்றிச் சக்கரம் கழற்றினேன்.
ரப்பர் குழாயில் அச்சடித்திருந்த நாடு
இப்போது வரைபடத்தில் இல்லை.
மிதிக்கும்போதெல்லாம் அது வயிறு உப்பி
என் பலத்தில் பாதியைத் தானே தின்றிருக்கிறது.
பிரேக் ஆயில், கொதித்து ஆறிய காப்பி நிறம்.
ஊரின் ஈரமெல்லாம் குடித்த ஆயில்,
இறக்கத்தில் சூடானால் ஆவியாகாமல் என்ன செய்யும்?
இடது காலிப்பரில் ஒரு பிஸ்டன்
துருப்பிடித்து அசைய மறுத்தது.
பின் டிரம்மில் அட்ஜஸ்டரைத் திருக
இரண்டு மாலையும் ஒரு நகமும் செலவாயின.

புதுக் குழாய்கள், எஃகு இழை பின்னியவை.
புது சீல்கள். சாதாரண பேட்.
பெரிதாக ஒன்றும் இல்லை;
வண்டி ஒருகாலத்தில் தெரிந்து வைத்திருந்ததை
மறுபடி ஞாபகப்படுத்தினேன், அவ்வளவே.

மிச்சம் காற்று நீக்குவது.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை.
ஊரே காளான் பொறுக்கப் போயிருந்தது,
வேலிக்கு அந்தப் பக்கம் வின்கோ தவிர.
தன் முற்றத்துப் பனியையெல்லாம் வாரி
என் வாசலில் குவித்தவன்.
மூன்று குளிர்காலமாகப் பேச்சில்லை.

வேலியோரம் நின்று சொன்னேன்:
"ஒரு கால் வேண்டும்."
எந்தக் கால் என்று கேட்டான்.
"வலது."

தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கினோம்.
நான் காருக்கடியில், ஸ்பேனரோடு,
பிளம் ஜாம் பாட்டிலோடு.
மிதி.
மிதித்தேன்.
பிடி.
பிடித்திருக்கிறேன்.
விடு.
மூன்று வருடம் பேசாத வாய்களுக்கு
மூன்று சொல் போதுமாயிருந்தது.
பாட்டிலில் குமிழ் குமிழாக
வந்துகொண்டே இருந்தது காற்று.

மூன்றாம் சக்கரத்தில், திருகு திறந்திருக்கும்போது
மேலிருந்து அவன் குரல்:
"அந்தப் பனி விஷயம்…"
சொல்லிக்கொண்டே காலை எடுத்துவிட்டான்.
"பிடி! பிடிடா!"
அதற்குள் மரை வழியே
உள்ளே போய்விட்டது காற்று.
அந்தச் சக்கரத்துக்கு மறுபடி முதலிலிருந்து.
அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெடல் கல்லாகியிருந்தது.
ஏறுகிறாயா என்றேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறினான்.

இறங்கும்போது இருபத்திரண்டாம் வளைவு.
மிதித்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி
நான் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்பே
நின்றது.
பக்கத்து இருக்கையில் வின்கோ
பெடல் இல்லாத வெறுந்தரையைத்
தன் வலது காலால் அழுத்திக்கொண்டிருந்தான்,
முழங்கால் நடுங்க,
என்னைவிட பலமாக.

"விடு" என்றேன்.
காலைச் சொன்னேனா, பனியைச் சொன்னேனா,
அவனும் கேட்கவில்லை.