தூசி நீக்கம்

முஹரக்கில், விமான நிலைய மதிலை ஒட்டி
முன்பு ஐஸ் ஆலையாக இருந்த கட்டடம்.
ஏசி பதினாறில் ஓடுகிறது.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
பாலைவனத்தைச் சுருள் பிரிக்கிறேன்.

இன்றைய டப்பாவின் மூடியில் பென்சில் எழுத்து:
விமானம், கிளப், படை, இதர.
திறந்தால் ஊறுகாய் கெட்ட வாடை.

வேலை சுலபம்.
ஸ்கேனர் விழுங்கும், ஃபிரேம் ஃபிரேமாக.
பிறகு மென்பொருள் தூசி தேடும்.
ஒன்றில் இருந்து, அடுத்ததில் அதே இடத்தில் இல்லாதது
தூசி.
அதற்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

முதலில் விமானம். இரட்டை இறக்கை.
கால் சுட்ட கொக்கு மாதிரி
மணலில் தத்தித் தத்தி வந்து நிற்கிறது.
துரைசானி ஒருத்தி ஏணியில் இறங்குகிறாள்
ஒரு கை தொப்பிக்கு, ஒரு கை பாவாடைக்கு.
அவளுக்குப் பின்னால் பெட்ரோல் தகரங்களைத்
தோள் மாற்றித் தோள் மாற்றி
ஏழு பேர். எட்டோ?
ஒருவன் சிரிக்கிறானா, வெயிலுக்குக் கண்ணை இடுக்குகிறானா,
நிறுத்திப் பார்த்தும் தெரியவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: படத்தில் உள்ளோர்.
துரைசானிக்குப் பெயர் வந்திருக்கிறது.
விமானத்துக்கும்.

அப்புறம் இரவு.
தாழ்வாரம், காகித விளக்குகள்,
வாய் திறந்த கிராமபோன்.
தட்டு சுற்றுகிறது, பாட்டு இல்லை.
பாட்டில்லாமல் ஆடுகிறவர்களைப் பார்த்தால்
வழுக்குகிற தரையில் விழாமலிருக்க
ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வது போலிருக்கிறது.
மீசை அரும்பாத லெப்டினன்ட் ஒருவன்
கண்ணாடிக் கோப்பையைத் தலையில் நிறுத்தி
கேமராவை நோக்கி நடந்து வருகிறான்.
அவனைத் தாண்டி ஒரு தட்டு நீள்கிறது,
தட்டைப் பிடித்த கருத்த கை, வெள்ளைச் சட்டைக்கை.
அந்தக் கைக்குரிய தலை கடைசிவரை
ஃபிரேமுக்குள் வரவே இல்லை.
விளக்கைச் சுற்றி விட்டில்கள், விட்டில்கள்.

மென்பொருளை ஓடவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன்.
தூசி போயிருந்தது. கீறல் போயிருந்தது.
விட்டில் ஒன்றுகூட இல்லை.
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி
விளக்கு தனியே மினுங்கியது.

வயிற்றில் என்னவோ செய்ய, விமானத்துக்குத் திரும்பினேன்.
ஓடுபாதைக் கோடியில்
கடுகளவு நின்ற இரண்டு பேர்
காணோம்.

மூன்றாவது, படை.
மணல் மூட்டை, சோம்பலாய்ச் சவரம் செய்கிற சிப்பாய்,
எங்கிருந்தோ ஒரு நாய்.
திடீரென்று கேமரா நிமிர்கிறது.
வெறும் வானம், பதினோரு ஃபிரேம்.
பிறகு யாருடைய பூட்ஸோ, தரை, முடிந்தது.

மூலத்தைப் போட்டுப் பார்த்தேன்.
வானத்தின் இடது மூலையில் ஒரு புள்ளி.
அடுத்த ஃபிரேமில் சற்றே வலப்பக்கம்.
அடுத்ததில் இன்னும் சற்று.
தூசிக்கு எங்கே போகவேண்டும் என்று தெரியாது.
இதற்குத் தெரிந்திருந்தது.

பத்ரிய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
மேலதிகாரி; வாடிக்கையாளர் சுத்தம் கேட்டிருக்கிறார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தாள்.
"தூசிதான்" என்றாள்.
கதவுவரை போய்,
"எதற்கும் இருக்கட்டும்."

மணி மூன்று.
ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறேன், கையால்.
விட்டிலுக்கு நாலைந்து ஃபிரேம் ஆயுள்.
ஓடுபாதை மனிதர்களுக்கு முப்பது.
புள்ளிக்குப் பதினொன்று.
தலைக்கு மேலே சரக்கு விமானம் ஒன்று இறங்க
மேசையில் கரண்டி நடுங்குகிறது.

கைப்பேசிகள் எல்லாம் ஒரே குரலில் அலறிய அந்த இரவில்
அறைத்தோழன் இருதயராஜ்
மொட்டைமாடியில் நின்று வீடியோ எடுத்தான்.
பன்னிரண்டு விநாடி.
கீழே ஓட்டலில் பாட்டு நிற்கவில்லை,
யாரோ கைதட்டுவதுகூடக் கேட்கிறது.
மேலே, கறுப்பில், ஒரு புள்ளி.

வேம்பாருக்கு அனுப்பினான்.
மனைவி கேட்டாளாம்:
லென்ஸைத் துடைத்துவிட்டு எடுக்கக் கூடாதா?